நவமி நீரும் கட்டைவிரலும்

1

பினாங்குக்கு வந்து, போன மாதத்தோடு பத்தொன்பது வருஷம் முடிந்தது. வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பாஸ்போர்ட் வேலையாகப் பழைய புத்தகத்தைத் தேடியபோது முதல் முத்திரை கண்ணில் பட்டது, அதனால்தான் எனக்கே தெரிந்தது. கணவரிடம் சொன்னேன். "அப்படியா, இருக்கும்" என்றார். மகள் யாழினி ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல் "காங்கிராட்ஸ் மா" என்றாள். சரி, கொண்டாட்டம் முடிந்தது என்று எழுந்து சாதம் வைக்கப் போனேன்.

அந்த வாரம் என் மனசு வேறு இடத்தில் இருந்தது. ஆறு வாரமாக என்னை ஒதுக்கி வைத்திருந்த கடல் கோஷ்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறங்கலாம் என்று சொல்லியிருந்தது. பத்தொன்பது வருஷத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு எழுத வராது. இந்த ஆறு வாரத்தைப் பற்றி எழுத வரும்.

கடல் கோஷ்டி என்றதும் கரூரில் இதை வாசிக்கிற என் சொந்தபந்தங்கள் சிரிப்பார்கள். சிரியுங்கள். அமராவதி ஆற்றில் தண்ணீரைவிட மணலை அதிகம் பார்த்து வளர்ந்தவள் நான். நாற்பத்து மூன்று வயது வரை நீச்சல் தெரியாது. இப்போது நாற்பத்தாறு. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, கடலுக்கு அடியில் பாறை பாறையாகப் போய் வருகிறேன். ஸ்கூபா என்பார்கள். அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது, "ஏங் கண்ணு, சம்பளம் கட்டுபடி ஆகலையா?" என்று கேட்டாள். முத்துக் குளிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

2

ஆரம்பித்து வைத்தது சலீம் நானா. இங்கே தமிழ் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்று கூப்பிடுவது வழக்கம். பாயான் பாருவில், நான் வேலை பார்க்கிற தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை. ஒரு மத்தியானம் குழம்பை ஊற்றிவிட்டு, தன் ஃபோனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். விரல் நீளத்தில் ஒரு பூச்சி. ஊதாவும் ஆரஞ்சுமாக, கல்யாணப் பட்டுக்குக்கூட அப்படி ஒரு ஜோடி நிறம் யாரும் எடுக்க மாட்டார்கள்.

"கடல் நத்தை தங்கச்சி. ஓடு இல்லாதது."

"எந்த நாட்டுல நானா?"

"என்னா நாடு? நம்ப தீவு லா. தெலுக் பஹாங் தாண்டி, லைட்ஹவுஸ் பாறைக்குக் கீழ."

எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை வருஷம் இந்தத் தீவில் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறேன், முழங்காலுக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று. அந்த வாரமே நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். பத்து வயசுப் பிள்ளைகளோடு மிதவைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தேன். பிள்ளைகள் மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டு போய்விட்டார்கள். நான் எட்டு மாதம் உதைத்தேன். பிறகு ஸ்கூபா பயிற்சி, பரீட்சை, தேறியதற்கான அட்டை.

சலீம் நானாவையும் என்னையும் சேர்த்து எங்கள் கோஷ்டியில் ஆறு பேர். சங்கமோ போர்டோ கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குழுதான். தலைவி ரோகிணி. முப்பத்தொரு வயசு, பல் கிளினிக்கில் நர்ஸ், டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியிலேயே மூன்றாம் மாடி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். தண்ணீருக்கு மேலே என்னை அக்கா என்பாள், தண்ணீருக்குள் அவள் சொன்னதுதான் சட்டம்.

இங்கே கடல் நீலமாக இருக்காது. தெ தாரே என்கிற பால் டீயின் நிறம், ஒரு கை நீளத்துக்கு அந்தப் பக்கம் தெரியாது. பாறைகள் தீவின் வடமேற்கு முனையில் ஒவ்வொன்றும் ஒரு வீடளவுக்குக் கிடக்கும், நடுவில் நீரோட்டம் இழுக்கும். ஓட்டம் அடங்கித் தண்ணீர் கொஞ்சம் தெளிகிற நாள் மாதத்தில் இரண்டு முறைதான் வரும். படகுக்கார பாக் டின் அதை 'ஆயர் மாத்தி' என்பார், செத்த தண்ணீர் என்று மலாயில் அர்த்தம். பாதி நிலா நாளை ஒட்டி வரும். பாதி நிலா என்றால் நமக்கு என்ன? அஷ்டமி, நவமி.

ரோகிணி வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதில் ஆகாது என்று நாம் தள்ளிவைக்கிற அந்த நாட்களை எல்லாம் அவள் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள், இறங்குவதற்கு. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நவமியில ஊசிகூட வாங்க மாட்டோம். நீ எமன் வீட்டு வாசலுக்கே போறயா?" என்றாள். "ஆமாம்மா, அன்னைக்குத்தான் கண்ணு தெரியுது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வீட்டில் யாரிடமும் விளக்கி ஜெயித்ததாக எனக்கு ஞாபகமும் இல்லை.

3

ஆறு வாரத்துக்கு முன்னால் நடந்தது இது.

கடலுக்கு அடியில் பேச முடியாது, கைதான் பேச்சு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் ஓகே, நன்றாக இருக்கிறேன் என்று பொருள். கட்டைவிரலை மேலே தூக்கினால் 'போதும், மேலே போகலாம்'. எங்கள் கோஷ்டியில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஜோடியில் யார் கட்டைவிரலைத் தூக்கினாலும் அந்த நிமிஷம் இருவரும் ஏறிவிட வேண்டும், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. வந்து துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் கேட்கக் கூடாது. காரணம் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்தால் மனுஷன் கையைத் தூக்கத் தயங்குவானாம். தயங்குகிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் ஆள் போகுமாம்.

அன்று ரோகிணி என் ஜோடி. என் முகக் கண்ணாடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, ஓட்டத்தை எதிர்த்துக் காலை உதைத்து மூச்சு வாங்கியது, காற்று மளமளவென்று குறைந்தது. காற்று மீட்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குள் போய்விட்டதைப் பார்த்தேன். சரியாக அப்போது ரோகிணி திரும்பி, விரலை வட்டமாக்கிக் கேட்டாள். நல்லா இருக்கீங்களா?

நான் வட்டம் காட்டினேன்.

ஏன் காட்டினேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். யோசித்துச் செய்தது இல்லை, விரல் தானாகச் சேர்ந்துகொண்டது. ரோகிணி நீந்தி வந்து என் மீட்டரைத் தன் கையில் எடுத்துப் பார்த்தாள். அடுத்த நொடி என் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

படகில் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

"அக்கா, முள்ளு செவப்புல இருக்கு. நீங்க ஓகே காட்டுறீங்க."

"சமாளிச்சிருப்பேன் ரோகிணி. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"தொந்தரவா? நாளைக்கு எனக்குக் காத்து தீந்து போனா உங்க சிலிண்டர்லதான் நான் மூச்சு வாங்கணும். உங்க கைய நம்ப முடியலன்னா நான் எப்படி எறங்குறது லா?" துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "உங்கள புடிக்காம சொல்லல. கொஞ்ச நாளைக்கு வேணாம்க்கா."

சலீம் நானா கடலைப் பார்த்தபடி இருந்தார். ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அது எனக்கு ரொம்ப வலித்தது. வீட்டுக்கு வந்து குளித்து, பாத்திரம் எல்லாவற்றையும் அடித்துக் கழுவினேன். கழுவி முடித்தபோது, விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சமைக்கத் தெரியாதவள் என்று சொல்லிக்கொள்ளட்டும், வீட்டைக் கவனிக்காதவள் என்று சொல்லிக்கொள்ளட்டும். நம்ப முடியாதவள் என்ற பேரோடு என்னால் இருக்க முடியாது.

4

இந்த ஓகே எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

நான் இங்கே முதலில் கற்றுக்கொண்ட மலாய்ச் சொல் 'போலே'. முடியும் என்று பொருள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வேலை பாஸைப் புதுப்பித்தால்தான் இங்கே இருக்கலாம் என்கிற ஆளுக்கு அந்த ஒரு சொல் போதும். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் வர முடியுமா? போலே. இன்னொருவர் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? போலே. வந்த புதிதில் குடிநுழைவு அலுவலகக் கவுன்டரில் இருந்த அம்மாள் மலாயில் நீளமாக எதையோ விளக்கிவிட்டு, "ஃபஹாம்?" என்றார், புரிந்ததா என்று. ஒரு சொல் புரியவில்லை. "ஃபஹாம், ஃபஹாம்" என்று தலையாட்டினேன். அவர் கேட்டது வாடகை ஒப்பந்தத்தின் நகல், நான் கொண்டுபோனது கல்யாணச் சான்றிதழின் நகல். மூன்று முறை நடந்தேன். அந்த அம்மாள் பொறுமைசாலி, ஒவ்வொரு முறையும் புன்னகையோடுதான் விளக்கினார். நானும் புன்னகையோடுதான் ஃபஹாம் சொன்னேன். புரியவில்லை என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பயம். யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானாக எனக்குச் சொல்லிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால் என் வேலையே வேண்டாம் என்று சொல்வதுதான். தரப் பரிசோதனை. சர்க்யூட் பலகையை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்து, முடி கனத்தில் ஒரு கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் நகர மாட்டேன். பலகைக்குச் சொல்ல முடிந்தது எனக்காகச் சொல்ல முடியவில்லை.

யாழினிக்கு இந்த நோயே இல்லை. பதினாறு வயசு. பொங்கலுக்குத் தெரிந்தவர் வீட்டுக்குக் கூப்பிட்டால் "நான் வரல மா" என்பாள். ஏன் என்றால், "வர இஷ்டம் இல்ல, அதான்." இந்தப் பிள்ளை நம்மை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாளே என்று அப்போதெல்லாம் வயிறு எரியும். தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அவசரத்துக்கு மலாயில் திட்டுவாள். கரூரில் அவளைப் பார்த்து 'திமிர் புடிச்ச பொண்ணு' என்று ஒரு சித்தி சொன்னபோது தலை குனிந்து நின்றேன்.

படகில் நடந்ததை அவளிடம் சொன்னேன். முதல் தடவையாக ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ வீட்லயும் அப்படித்தான் மா. காய்ச்சல் அடிச்சாலும் ஓகே. அப்பா கத்தினாலும் ஓகே. எனக்கு எப்படித் தெரியும் நீ நெஜமா ஓகேவா இல்லையான்னு?"

தோசைக்கு மாவு கரைக்கப் போய்விட்டேன்.

5

அடுத்த வாரம் மூன்றாம் மாடிக்குப் போய் ரோகிணி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்ன செய்தா மறுபடி சேத்துக்குவீங்க?"

அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "நீச்சல்குளத்துக்கு வாங்க. புதன்கிழமை புதன்கிழமை."

பெரிய பயிற்சி எதுவும் இல்லை. சிலிண்டரோடு குளத்தின் அடியில் இருவரும் மண்டியிட்டு உட்கார வேண்டும். அவள் ஏதாவது வேலை கொடுப்பாள், முடிச்சைப் போடு, கண்ணாடியைக் கழற்றி மாட்டு என்று. நான் அதை முழுக்கச் செய்து முடிக்கக் கூடாது. பாதியில், எந்தக் காரணமும் இல்லாமல், கட்டைவிரலைத் தூக்க வேண்டும். இவ்வளவுதான்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்கள். முதல் புதன்கிழமை என்னால் ஒரு முறைகூட முடியவில்லை. முடிச்சை முடித்துவிட்டுத்தான் கை தூக்கினேன். பாதி வேலையில் விடுவதற்கு உடம்பே கூசியது. ரோகிணி தண்ணீருக்கு மேலே வந்து, "அக்கா, பரீட்ச எழுத வரல நீங்க" என்றாள். இரண்டாம் புதன்கிழமை ஒரு முறை தூக்கினேன், தூக்கிய கையோடு இன்னொரு கையால் மன்னிப்புக் கேட்பதுபோல் நெஞ்சைத் தொட்டேன். அதையும் கண்டுபிடித்துவிட்டாள். மன்னிப்பு கிடையாது, மறுபடி கீழே.

நடுவில் இரண்டு நவமி போயிற்று. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன், பொறாமையாக இருந்தது. காலையில் வேலைக்குப் போகும்முன் தண்ணீர்மலைக்குப் போய், முருகன் கோயில் படிகளை நிற்காமல் ஏறினேன். வேண்டுதல் எதுவும் இல்லை, மூச்சு கட்டுக்குள் வரத்தான். முருகன் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டான். ஆறாம் புதன்கிழமை பத்து முறை இறங்கி, பத்து முறையும் பாதியில் கை தூக்கினேன். மேலே வந்ததும் ரோகிணி தன் வாயிலிருந்து குழாயை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம நவமிக்கா. என்கூட வாங்க."

6

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் காரில் கிளம்பினோம். அவள் குரல் கம்மியிருந்தது. "சளியா?" என்றேன். "சும்மா ஏர்கான் லா. ஓகேதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை முடுக்கினாள்.

அப்படி ஒரு தண்ணீரை நான் இந்த முனையில் பார்த்ததே இல்லை. மேலே காட்டில் குரங்குகள், குன்றின் உச்சியில் கலங்கரை விளக்கம், கீழே பாறையின் கால் வரை பச்சையாகத் தெரிந்தது. பாக் டின்னே எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். அன்று எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. அறுந்துபோன ஒரு மீன் வலை எட்டு மீட்டர் ஆழத்தில் பாறையைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்காக மீனையும் நண்டையும் கொன்றுகொண்டிருந்தது. இரண்டு நவமியாக முயன்றும் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் அதை அறுக்க முடியவில்லை. இன்றைக்கு விட்டால் இந்தத் தெளிவு எப்போது வருமோ என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சலீம் நானா ஜோடியும் இன்னொரு ஜோடியும் பாறையின் அந்தப் பக்கம் போனார்கள். ரோகிணியும் நானும் இந்தப் பக்கம்.

அவள் கத்தியால் அறுக்க, நான் வலையை இழுத்துச் சுருட்டினேன். முக்கால் வாசி முடிந்தது. வலையில் ஒரு நண்டு உயிரோடு இருந்தது, அதை விடுவித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முள் பாதிக்கு மேல் காட்டியது. கண்ணாடி கசியவில்லை. எல்லாம் சரி.

அப்போதுதான் பயம் வந்தது. காரணமே இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, இழுக்கிற மூச்சு போதவில்லை, மேலே இருக்கிற அத்தனை தண்ணீரும் என் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. முள்ளைப் பார்த்தேன், காற்று இருக்கிறது. கைகாலைப் பார்த்தேன், எதுவும் சிக்கவில்லை. ரோகிணி அறுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி, வட்டம் காட்டிக் கேட்டாள்.

என் விரல்கள் சேரத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் வலைதானே, பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொள், இத்தனை பேர் காலையில் எழுந்து வந்திருக்கிறார்கள், மறுபடி உன்னால் கெட வேண்டுமா, என்ன காரணம் சொல்வாய் என்று மண்டைக்குள் ஒரே சத்தம். கையை நீட்டினேன். சேர்ந்த விரல்களைப் பிரித்தேன். கட்டைவிரலைத் தூக்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

ரோகிணி ஒரு கணம்கூடப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கத்தியை உறையில் செருகினாள், கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினாள், என் மணிக்கட்டைப் பிடித்தாள். நங்கூரக் கயிற்றைப் பற்றி மெதுவாக ஏறினோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்பது வழக்கம். நிற்கும்போது அவள் பிடி எலும்பு வரை இறங்கியது. என்னைத் தைரியப்படுத்துகிறாள் என்று நினைத்தேன்.

7

படகில் பாக் டின் மட்டும்தான் இருந்தார். எங்கள் சிலிண்டர்களை வாங்கி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சட்டம் தெரியும்.

நான் பலகையில் உட்கார்ந்தேன். யாரும் கேட்காமலே சொன்னேன், "நான் பயந்துட்டேன் ரோகிணி. வேற ஒண்ணுமில்ல. சும்மா பயந்துட்டேன்." பத்தொன்பது வருஷத்தில் இந்த ஊரில் இந்த வார்த்தையை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பசி எடுத்தது, அவ்வளவுதான்.

ரோகிணி படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். ஓடிப்போய் முதுகைப் பிடித்தேன். மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம். துடைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாளா சளிக்கா. எறங்கக் கூடாதுன்னு தெரியும். கீழ போனதுமே காது அடச்சிகிச்சி. தல சுத்த ஆரம்பிச்சது. கடைசியில எது மேல, எது கீழன்னே தெரியல. கத்திய எங்க வைக்கிறேன்னு தெரியாமதான் அறுத்துக்கிட்டு இருந்தேன்."

"ஏன் கை தூக்கல நீ?" சட்டத்தை மீறிக் கேட்டுவிட்டேன். மரியாதையும் போய்விட்டது. அவ்வளவு கோபம்.

"எப்படித் தூக்குறது? தண்ணி இப்படித் தெளிஞ்சி எவ்ளோ நாளாச்சி. நான்தானே எல்லாரையும் கூப்பிட்டு வந்தேன்." கண்ணைத் திறக்காமலே பேசினாள். "உங்ககிட்ட ஓகேவான்னு கேட்டேன் பாருங்க. உங்களுக்காகக் கேக்கல. நீங்க இல்லன்னு சொல்ல மாட்டீங்களான்னு பாத்தேன்."

ஆறு புதன்கிழமை என்னைக் குளத்தின் அடியில் மண்டியிட வைத்தவள். அவளை ஒரு அறை அறையலாம் போல இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ஃபிளாஸ்க்கில் இருந்த சுடுதண்ணீரை மூடியில் ஊற்றிக் கையில் கொடுத்தேன். கை நடுங்கி மடியில் கொட்டிக்கொண்டாள். வாங்கி நானே குடிக்க வைத்தேன்.

அரை மணி நேரத்தில் மற்ற நால்வரும் ஏறினார்கள். வலையின் அந்தப் பக்கம் அவிழ்ந்துவிட்டது, இந்தப் பக்கம் கால் வாசி பாக்கி. சலீம் நானா எங்களைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். ரோகிணியே சொல்லிவிட்டாள். சளியோடு இறங்கினது, தலை சுற்றினது, காட்டாமல் இருந்தது, எல்லாம்.

"டாக்டர் காதப் பாத்துச் சரின்னு சொல்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அதுக்கப்புறம் உங்ககூடதான் எறங்குவேன். நான் ஓகே காட்டினா நம்பாதீங்கக்கா. கிட்ட வந்து கண்ணப் பாருங்க."

"பாக்குறேன்" என்றேன்.

பாக் டின் இன்ஜினைக் கிளப்பினார். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தெலுக் பஹாங் ஜெட்டி வரும்வரை விடவில்லை.